கடைசி ரீலில் இரண்டு ஒட்டு

பென்ரோஸ் படக் காப்பகக் கிடங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூவருக்கும் வணக்கம். இருவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், ஒருவர் யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளை, இங்கேயே பிறந்தவர் என்று கேள்விப்பட்டேன். நான் தமிழில் எழுதுவதற்கு மொழிப்பற்று காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலத்தில் எழுதினால் மேலாளரும் படித்துவிடுவார். நான் அங்கே அடித்த கூத்தில் பாதிதான் அவருக்குத் தெரியும். மீதி அவருக்குத் தெரியாமலே இருக்கட்டும். தமிழ் வாசிக்க வராதவர் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அம்மா சிரித்தால் பொறுத்துக்கொள்கிறேன்.

விஷயம் அவசரமானது. பழைய படப் பிரதிகளை வெளியே எடுத்து, காட்சிகளை மூல வரிசைப்படி சரிசெய்து, கணினியில் நகலெடுக்கும் வேலை தொடங்கியிருக்கிறதாம். அந்தப் பட்டியலில் ஆறு ரீல் கொண்ட கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படம் ஒன்று இருக்கிறது. வெங்காய ஊரான புக்கெகோஹியிலிருந்து வந்தது. அதன் முதல் ரீலில் ஓர் ஒட்டு, அதாவது பிலிமை வெட்டிப் பசையால் இணைத்த இடம், இருக்கும், கடைசி ரீலின் முடிவில் இரண்டு இருக்கும். மூன்றையும் பார்த்ததும் உங்களுக்குக் கை துறுதுறுக்கும். அவற்றைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பிரித்த பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

நான் அந்த மேசையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்து பிலிமைச் சுற்றினேன். நிபுணர் என்று சொல்லிக்கொண்டேன். சேர்ந்த முதல் மாதம் அறை முழுவதும் ஒரு புளிப்பு வாடை. பக்கத்து மேசைக்காரர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி, சாப்பாட்டு டப்பாவில் ஊறுகாய் கொண்டுவருபவர். நான் அவர் பெயரைச் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் புரியும்படி, அலுவலகத்தில் ஊறுகாய் கொண்டுவர வேண்டாம் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அழுகும் பிலிமுக்கு வினிகர் வாடை வரும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. என் மேசைக்கு அடியிலேயே நான்கு டப்பா பிலிம் செத்துக்கொண்டிருந்தது. அவர் வந்து ஒரு டப்பாவைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "அண்ணை, இது எந்தக் கடை ஊறுகாய்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் ஊரில் கணக்குப் படிப்பித்தவர். அதனால் நாங்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்போம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இருந்தும் என்னை அண்ணை என்றே அழைப்பார். நான் எத்தனை முறை எடுத்துச் சொல்லியும் திருத்திக்கொள்ளவில்லை.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். பெயரை எழுதவில்லை. நான் செய்ததற்குப் படம் பொறுப்பல்ல. புகழ் ஒரு மனுஷியை என்ன செய்கிறது என்பதுதான் கதை. சிற்றூரில் இரண்டு சகோதரிகள். மூத்தவள் நடிகையாகப் போகிறாள், இளையவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துக்கொண்டு ஊரிலேயே தங்குகிறாள். கடைசிக் காட்சியில் மூத்தவள் பெரிய நட்சத்திரம். தன் பட வெளியீட்டுக்குக் காரில் வந்து இறங்குகிறாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம், கூட்டத்தோடு கூட்டமாகத் தங்கை நிற்கிறாள். நட்சத்திரம் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, பார்க்காதவள்போல உள்ளே போய்விடுகிறாள். கதவு மூடுகிறது, படம் முடிகிறது. சினிமாப் பள்ளிகளில் அந்தக் கதவை வைத்து இன்றைக்கும் பாடம் நடத்துகிறார்கள்.

படம் எடுக்கப்பட்ட விதம் பற்றி ஒரு கதை உண்டு. இவ்வளவு கசப்பான முடிவு வேண்டாம், அவள் திரும்பி வந்து தங்கையைக் கட்டிக்கொள்வதுபோல எடு என்று ஸ்டூடியோ முதலாளி நெருக்கினாராம். இயக்குநர் மூன்று நாள் சண்டை போட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தாராம். பிறகு என்ன நடந்ததோ, அது வெளிவரவில்லை. எரித்துவிட்டார்கள் என்பார் சிலர், எடுக்கவே இல்லை என்பார் சிலர். புத்தகம் எழுதுகிறவர்கள் இதை வைத்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு பக்கம் சேர்ந்திருந்தேன். சென்னையில் கல்லூரி நாட்களிலேயே அந்தப் படத்தை ஏழு முறை பார்த்தவன் நான்.

ஒரு கோடையில் புக்கெகோஹியிலிருந்து அழைப்பு வந்தது. ஐவி என்றொரு பெண்மணி, அப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். வெங்காயம் மூட்டை கட்டும் கொட்டகையைக் காலி செய்கிறார், மூலையில் ஆறு டப்பா இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். நானும் டீச்சரும் போனோம். ஹாலிவுட் படங்கள் உலகத்தைச் சுற்றிக் கடைசியாக வந்து சேர்வது பூமியின் கோடியில் இருக்கும் இந்த நாட்டுக்குத்தான். திருப்பி அனுப்பும் கப்பல் கட்டணத்துக்குப் பயந்து இங்கேயே அழித்துவிடச் சொல்வார்கள். அப்படித் தப்பிய பிரதிகள் எந்தக் கொட்டகையிலும் கிடைக்கலாம்.

டப்பாவின் மேல் இருந்த பெயரைப் படித்ததும் எனக்கு வாய் ஓயவில்லை. ஐவி தேநீர் கொடுத்தார். "எங்க அப்பா இந்த ஊர்த் தியேட்டர்ல..." என்று தொடங்கினார். நான் குறுக்கே புகுந்து, இது எப்பேர்ப்பட்ட படம் தெரியுமா என்று அந்த இயக்குநரின் மூன்று நாள் சண்டையை விவரித்தேன். அவர் கேட்டுக்கொண்டார். இரண்டாவது கோப்பைத் தேநீரின்போது, "அந்தக் கடைசி ரீல் இருக்கே..." என்று மறுபடி ஆரம்பித்தார். நான் பிலிம் கெட்டுப்போகும் விதம் பற்றி அவருக்கு வகுப்பு எடுத்தேன். அவர் எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனார். படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டார்.

கிடங்கில் கடைசி ரீலை ஓட்டிப் பார்த்தேன். கதவு மூடியது. படம் முடியவில்லை. மூத்தவளும் இளையவளும் இறுகக் கட்டிக்கொண்டு நின்றார்கள், முகமும் கையும் மட்டும் தெரிய, முழுசாக ஒரு நிமிடம். அதற்குப் பிறகுதான் முடிவு எழுத்து வந்தது. ஸ்டூடியோ அட்டவணையைவிடக் கடைசி ரீல் தொண்ணூற்றொரு அடி கூடுதல். மூன்று முறை அளந்தேன். எரித்துவிட்டார்கள் என்று சொல்லப்பட்ட முடிவு என் கையில் இருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

டீச்சர் எட்டிப் பார்த்தார். "முதலாவது ரீல் அளந்தனீங்களோ?"

"அது கொஞ்சம் குறையுது. முதல் ரீல் எப்பவும் தேஞ்சுதான் இருக்கும் டீச்சர்."

"எவ்வளவு குறையுது?"

"என்னமோ கொஞ்சம். இப்ப அதா முக்கியம்?"

முதல் ரீலை நான் அளக்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஒரு எண் போட்டிருந்தேன்.

மேலாளர் பத்திரிகைக்குச் சொன்னார். வெளிநாட்டுக் காப்பகத்துக்குக் கடிதம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு சிறிய தியேட்டரில் பொதுத் திரையிடல், தொடக்கத்தில் என் உரை என்று முடிவாயிற்று. அடுத்த இரண்டு வாரம் நான் புகழோடு வாழ்ந்தேன். உள்ளூர்த் தமிழ் வானொலியில் நாற்பது நிமிடம் பேசினேன். காரில் இறங்கும்போது நட்சத்திரத்தின் கையில் முழங்கை வரை வெள்ளைக் கையுறை இருக்கிறது, கட்டிக்கொள்ளும்போது வெறுங்கை, அவள் புகழையே கழற்றி எறிந்துவிட்டாள் என்பதன் குறியீடு அது என்றேன். பின்னணியில் ரயில் கூவுகிறதே என்று அறிவிப்பாளர் கேட்டார். அது ஊர் நினைவின் குரல் என்றேன். அவர் உடனே ஒரு பாட்டுப் போட்டார்.

பிளாட் புஷ்ஷில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர், "நீங்கதானே அந்த ஹாலிவுட்காரர்?" என்று கேட்டுவிட்டுக் கறிவேப்பிலையைச் சும்மா கொடுத்தார். மகள், "அப்பா, யூ ஆர் ஃபேமஸ்" என்றாள். மனைவி மட்டும், "ஹாலிவுட்காரரே, குப்பைத் தொட்டிய வெளிய வைக்கிற நாள் இன்னிக்கு" என்றாள். புகழ் மனிதரை என்ன செய்கிறது என்று சொல்லும் படத்தை ஏழு முறை பார்த்தவன், கறிவேப்பிலைக்கே தலைகால் புரியாமல் நடந்துகொண்டேன்.

ஞாயிறு காலை பதினொரு மணி. தியேட்டரில் ஆறு ரீலையும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார் டீச்சர். நான் வாசலில் உரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

"அண்ணை, இஞ்ச ஒருக்கா வாங்கோ."

முதல் ரீலை ஒரு விளக்கின் முன்னால் பிடித்திருந்தார். ரயில் நிலையம். மூத்தவள் ஊரைவிட்டுக் கிளம்புகிறாள். ஏறிய ரயிலிலிருந்து மறுபடி குதித்து இறங்கித் தங்கையை நோக்கிக் கைகளை விரித்துக்கொண்டு ஓடி வருகிறாள். அங்கே ஓர் ஒட்டு. அடுத்த ஃபிரேமில் ரயில் போய்விட்டது, தங்கை தனியாக நிற்கிறாள்.

"கையை விரிச்சவா கட்டிப்பிடிக்கேல்லையே," என்றார் டீச்சர். "அளந்து பாத்தன். தொண்ணூத்தொரு அடி குறையுது."

கணக்கு எனக்கும் புரிந்தது. வெறுங்கை என்றால், கையுறை வாங்கக் காசில்லாத காலத்துக் கை. கூவிய ரயில் நிஜமான ரயில். யாரோ முதல் ரீலில் இருந்த பிரிவுக் காட்சியை வெட்டி, கடைசி ரீலில் கதவு மூடியதற்கும் முடிவு எழுத்துக்கும் நடுவே ஒட்டியிருக்கிறார்.

ஏழு முறை பார்த்தவனுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று நீங்கள் கேட்க வேண்டும். கல்லூரியில் படச் சங்கம் நடந்த இடத்துக்கு நான் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஏழு முறையும் நான் போய்ச் சேர்வதற்குள் அந்த ரயில் போயிருந்தது. தொடக்கத்தைப் பார்க்காமலே அந்தப் படத்தின் நிபுணரானவன் நான்.

"டீச்சர், இன்னிக்கு ஒரு நாள் இப்படியே ஓட்டிடலாம். யாருக்கும் தெரியாது," என்றேன்.

"எனக்குத் தெரியும்."

"உங்களத் தவிர."

"உங்களுக்கும் தெரியுந்தானே," என்று சொல்லிவிட்டு ரீலைச் சுற்றத் தொடங்கினார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்தத் தொழிலில் நெருக்கடி வரும்போது மூளை நன்றாக வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் மூளை கொடுத்த யோசனைகள் வருமாறு: வயிற்றுவலி. தீ எச்சரிக்கை மணி. புரொஜெக்டர் பழுது. முதல் ரீலில் பிலிம் அறுந்து அந்தக் காட்சி தொலைந்தது, கடைசியில் இருப்பது வேறு காட்சி என்று பேசி ஒப்பேற்றுவது. கடைசி யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒன்றரை மணி வரை அதற்குத்தான் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஐவி உள்ளே வந்தார். புக்கெகோஹியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு, தலைவாரி, நல்ல கோட்டு போட்டு வந்திருந்தார். அவருக்கு முதல் வரிசையில் இடம் போட்டிருந்தோம். அவர் கொடுத்த பொருளை வைத்து அவர் முன்னாலேயே பொய் சொல்ல வேண்டும். அது எனக்கு வரவில்லை. நேர்மை என்று பெரிதாக நினைக்காதீர்கள், அவர் கொடுத்த இரண்டு கோப்பைத் தேநீர் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். ஓரமாக அழைத்துப்போய் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இது ஹாலிவுட் எடுத்த முடிவில்லை, யாரோ இங்கே வெட்டி ஒட்டியது என்றேன். பிரதி மதிப்பில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள் என்று சேர்த்துக்கொண்டேன்.

ஐவி சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"எனக்குத் தெரியும். ஒட்டும்போது டார்ச் லைட் பிடிச்சதே நான்தான். எனக்கு அப்ப ஒன்பது வயசு."

"ஏன் சொல்லலை?"

"ரெண்டு தடவை சொல்ல வந்தேன். நீங்க ரொம்ப சந்தோஷமா பேசிட்டிருந்தீங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் ஒரு தொலைபேசி எண், எங்கள் படிவத்திலேயே இருந்தது. உலகத்தின் எல்லாப் புத்தகங்களையும் புரட்டினேன், அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு அவரே சொன்னார். அவருடைய அப்பா ஊர்த் தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டியவர். அந்த வருடம் மூத்த மகள் நோரா பாடகியாகப் போகிறேன் என்று சிட்னிக்குக் கிளம்பிப் போயிருந்தாள். கடிதம் இல்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். திங்கட்கிழமை அந்தப் படத்தின் புத்தம் புதுப் பிரதி வந்தது. அப்பா தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, இந்த முடிவை உன் அம்மாவுக்குக் காட்ட முடியாது என்றார். கத்தரிக்கோலும் பசையும் எடுத்து உட்கார்ந்தார். அந்த ஒரு வாரம் புக்கெகோஹி முழுக்க அந்த முடிவைத்தான் பார்த்தது.

"அம்மா ஆறு நாளும் வந்தாங்க. பின்வரிசையில உக்காந்து பாத்தாங்க. வீட்டுக்கு வந்து சாப்பிட்டாங்க. ஏழாம் நாள் படத்தை விநியோகக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும். அப்பா அனுப்பல. தொலைஞ்சு போச்சுன்னு எழுதிட்டார்."

"நோரா?"

"வரல," என்றார் ஐவி. "கடைசி வரைக்கும் வரல."

கொஞ்ச நேரம் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இப்ப உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. பிரிச்சு அந்தந்த இடத்துல வச்சிடுவீங்களா? அதுக்குப் பயந்துதான் நான் மூணாவது தடவை வாயத் திறக்கல."

மாட்டேன் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

இரண்டு மணிக்கு மேடை ஏறினேன். எழுதிவைத்திருந்த உரையைப் பையில் போட்டுக்கொண்டேன். நான் சொன்னது தவறு, கையுறை பற்றிச் சொன்னது பெரும் தவறு, ரயில் பற்றிச் சொன்னதை எல்லோரும் மறந்துவிடுங்கள் என்றேன். சிரித்தார்கள். மூன்றாம் வரிசையில் மேலாளரின் காது சிவப்பதை மேடையிலிருந்தே பார்க்க முடிந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் எழுந்து போய்விட்டார். இது ஹாலிவுட் பிரதியல்ல, புக்கெகோஹி பிரதி, ஓர் அப்பா தன் மனைவிக்காக மாற்றியது, மாற்றியபடியே பாருங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

நான் பக்கவாட்டில் நின்று திரையைப் பார்க்காமல் ஐவியைப் பார்த்தேன். கதவு மூடியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். ரயில் கூவியதும் திறந்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஒன்பது வயதுப் பிள்ளையாகச் சிரித்தார், அழவும் அழுதார். நானும் அழுதேன். டீச்சர் புரொஜெக்டர் அறையிலிருந்து வெளியே வரவே இல்லை. கேட்டதற்குக் கண்ணில் தூசி என்றார், அந்த அறையில் தூசியே கிடையாது.

மறுநாள் மேலாளர் அறையில் எனக்கு நடந்ததை எழுத மாட்டேன். காப்பகத்தின் விதி மூல வரிசைதான், காட்சியைப் பிரித்து முதல் ரீலில் சேர் என்று உத்தரவு வந்தது. நான் நாள் கடத்தினேன். பசை கிடைக்கவில்லை என்றேன், முதுகுவலி என்றேன். அதற்குள், நடந்ததையெல்லாம் எழுதி நான் அனுப்பிய இரண்டாவது கடிதத்துக்கு வெளிநாட்டுக் காப்பகத்திலிருந்து பதில் வந்தது. கேலி செய்திருப்பார்கள் என்று பயந்துகொண்டே திறந்தேன். அவர்களிடம் இருந்த பிரதிகளில் அந்த ரயில் நிலையக் காட்சி கீறலும் கிழிசலுமாக இருந்ததாம். உங்கள் பிரதி ஒரே வாரம்தானே ஓடியது, அந்தத் தொண்ணூற்றொரு அடியை நகலெடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பிரிக்காமலே நகலெடுத்து அனுப்பினோம். இன்று உலகத்தில் யார் அந்தப் படத்தைப் புதுப்பித்த பிரதியில் பார்த்தாலும், சகோதரிகள் கட்டிக்கொள்ளும் நிமிடம் வெங்காயக் கொட்டகையிலிருந்து வந்தது. காட்சியின் கடைசி ஃபிரேமின் ஓரத்தில் பசைக் கறை ஒன்று தெரியும். அதை அவர்கள் துடைக்கவில்லை. படத்தின் நன்றிப் பட்டியலில் ஐவியின் அப்பா பெயர் கிடையாது, என் பெயரும் கிடையாது. இரண்டாவதற்காக நான் ஒரு வாரம் வருத்தப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு மேலாளர் வற்புறுத்தவில்லை. ஆனால் கணினிப் பதிவேட்டில் 'வரிசை தவறு, சரிசெய்க' என்ற குறிப்பு அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே நான், 'முதலில் ஐவியைக் கேட்கவும்' என்று எழுதி அவருடைய தொலைபேசி எண்ணையும் போட்டுவைத்தேன். கணினி முறை மாறும்போதெல்லாம் என் வரி காணாமல் போகும். நானும் விடாமல் திரும்ப எழுதுவேன். நான் ஓய்வுபெற்றேன். டீச்சர் மகனோடு மெல்பர்னுக்குப் போய்விட்டார். போன குளிர்காலத்தில் ஐவி இறந்துவிட்டார். இப்போது அந்த எண்ணுக்கு அழைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

அதனால்தான் இத்தனை பக்கம். பிரதியை நகலெடுங்கள், அளந்து எழுதுங்கள், முதல் ரீலைக் குத்துமதிப்பாக எழுதாதீர்கள். வாடை வந்தால் பக்கத்து மேசையைச் சந்தேகப்படாதீர்கள். பொருள் கொடுக்க வருகிறவர் வாயைத் திறந்தால் நீங்கள் மூடிக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை மடித்து ஆறாவது டப்பாவுக்குள் வையுங்கள். மேலாளர் என்ன காகிதம் என்று கேட்டால், தமிழ், பழைய ரசீது என்று சொல்லுங்கள்.

மற்ற எல்லாப் பிரதிகளிலும் அவள் உள்ளே போய்விடுகிறாள், கதவு மூடிவிடுகிறது. இந்த ஒன்றிலாவது வந்து சேரட்டும். அந்த இரண்டு ஒட்டிலும் கை வைக்காதீர்கள்.